முசுறு கொல்லும், தானிய எறும்பு ஒன்றும் செய்யாது

“சும்மா கத்தாத அஞ்சல. இவன் மரத்துப் புள்ள. இவன் ஒடம்புல இருக்கறது எங்க பக்கத்து வாசன.”

“வயித்துல வச்சிருந்தது நீயா மாமா?”

“வயித்துல இருந்தப்ப நீ எங்க இருந்த? எங்க ஊட்ல. எங்க ஊட்டு சோறு, எங்க ஊட்டுக் களிம்பு. அப்பறம் என்னா பேச்சு?”

“அதுக்கப்பறம் எங்க அம்மா ஊட்ல இருந்தன். இப்ப பாலு எங்கேருந்து வருது? எம் மாரு என்னா உங்க முந்திரி மரத்துலயா தொங்குது?”

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் பேசியதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

“அப்ப நீ மண்ணுக்கே போ. புள்ளயக் குடுத்துட்டுப் போ.”

“தூக்கிட்டுப் போயி மரத்தடியில படுக்க வச்ச அன்னிக்கே முசுறு மொய்ச்சிதுன்னா? அப்ப என்னா பண்ணுவ? ஊதி உடுவியா?”

பிள்ளை அழ ஆரம்பித்தது.

அவன் பெயர் கொளஞ்சி. அவள் அஞ்சலாட்சி. கொளஞ்சி அவளுக்குச் சொந்த அத்தை மகன், புருஷனும் அவன்தான். பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நான் அந்த வார்டில் நர்ஸ். மாத்து வார்டு என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் நடுவே தார்ச்சாலை போகிறது. சாலைக்கு மேற்கே முந்திரிக்காடு. கிழக்கே வரகு, எள், மல்லாட்டை போடும் காடு. எந்த மருந்து அடித்தாலும் பூச்சி சாகாத காலம் ஒன்று வந்தது. அப்போதுதான் விவசாயச் சங்கத்துக்காரர்கள் பெட்டி கொண்டுவந்தார்கள். பெட்டிக்குள் இருந்தது எறும்பு. இரண்டும் நம் மண்ணில் இருந்த எறும்புதான், ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவை.

மேற்கே விட்டது முசுறு. செவப்பாக இருக்கும். மரத்திலேயே பிறந்து மரத்திலேயே சாகும். இலையை இலையோடு சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும். அது தின்பது கறி. புழு, வண்டு, செத்த ஓணான், எது கிடைத்தாலும். கிழக்கே விட்டது தானிய எறும்பு. கறுப்பாக இருக்கும். வரப்புக்கு அடியில் வளை தோண்டி, அறை அறையாகப் பிரித்து, விதையைச் சேர்த்து வைக்கும். களை முளைக்கும் முன்னாலேயே களை விதையைப் பொறுக்கிக்கொண்டு போய்விடும். பயிர் விதையைத் தொடாதபடி பழக்கியிருந்தார்கள். களையெடுக்கும் வேலையே இல்லாமல் போனது.

முன்பெல்லாம் ஒரு கூட்டு எறும்பு இன்னொரு கூட்டு எறும்பைக் கண்டால் சண்டை போட்டுச் சாகும். அதை ஆய்வுக்கூடத்தில் நிறுத்திவிட்டார்கள். மேற்கே இருக்கிற கூடெல்லாம் ஒரே குடும்பம், கிழக்கே இருக்கிற வளையெல்லாம் ஒரே குடும்பம். சண்டை இல்லாததால் பெருக்கத்துக்கு அளவும் இல்லை. விளைச்சல் வந்தது, அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். பிறகு எறும்பு வீட்டுக்குள் வந்தது. பாயில், தொட்டிலில், அரிசிப் பானையில். அதனால் சங்கம் ஆளுக்கொரு களிம்பு கொடுத்தது. மேற்கே ஒரு களிம்பு, கிழக்கே ஒரு களிம்பு. பூசிக்கொண்டால் அந்தப் பக்கத்து எறும்பு தொடாது. பூசப் பூச அது வியர்வையில் ஊறிவிடும். குளித்தாலும் போகாது.

அப்படித்தான் ஒரே சாமியைக் கும்பிட்டவர்கள் மரத்தாளு, மண்ணாளு என்று இரண்டாகப் போனார்கள். சாலையைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் முதலில் என் வார்டுக்கு வர வேண்டும். சுற்றிலும் சிமெண்டு வாய்க்கால் கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கும். உள்ளே ஒரு எறும்பு கிடையாது. சோடா உப்பு கரைத்த காரத் தண்ணீரில் தினம் முக்கி, தேய்த்து, பழைய வாசனை போகிற வரை படுக்க வைத்து, பிறகு புதுக் களிம்பு தடவி அனுப்புவோம். பெரும்பாலும் கல்யாணப் பெண்கள்தான் வருவார்கள். தோல் உரிந்து போகும். அழுவார்கள். போய்விடுவார்கள்.

மாற்றாமல் தாண்டினால் என்ன ஆகும் என்று யாரும் எங்களிடம் கேட்பதில்லை. கிழக்கே இருந்த பிச்சமுத்து என்கிற பெரியவர், மேற்கே அண்ணன் செத்துப்போன சேதி கேட்டு, முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்படியே ஓடினார். முந்திரிக்காட்டில் பாதி தூரம்கூடப் போகவில்லை. நாங்கள் தூக்கி வந்தபோது கண் இமையைத் திறக்க முடியவில்லை. காதுக்குள் இருந்து எறும்பை எடுத்துக்கொண்டே இருந்தோம். அதே தப்பை மரத்தாளு கிழக்கே போய்ச் செய்தால் வீங்கும், காய்ச்சல் வரும், அன்றே திரும்பிவிட்டால் பிழைத்துக்கொள்வான். அதனால் முசுறு என்றால் எமன், தானிய எறும்பு என்றால் சாது என்று ஊருக்குள் ஆகிவிட்டது.

களிம்பு செய்தவர்கள் எவ்வளவோ யோசித்திருந்தார்கள். மழையில் கரையாது, வெயிலில் உருகாது. தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்குப் போவாள் என்பதை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை. எங்கள் ஊரிலும் யாருக்கும் தோன்றவில்லை; அதுவரை மாறிப் போனவர்கள் தோல் உரிவதற்குப் பயந்து போன இடத்திலேயே பெற்றுக்கொண்டார்கள். அஞ்சலாட்சிக்கு மேற்கே வளைகாப்பு நடந்தது. கை நிறைய வளையலோடு என் வார்டுக்கு வந்தாள். வயிற்றோடு இருக்கிறாளே என்று காரத்தைக் குறைத்துப் போட்டுக் கழுவினோம். புதுக் களிம்பு தடவி, கிழக்கே அவள் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனாள். எல்லாம் முறைப்படி நடந்தது. வயிற்றுக்குள் இருந்ததை யார் கழுவ முடியும்?

பிள்ளை பிறந்த அன்றைக்கே தூளிக்கயிற்றில் கறுப்பாகச் சாரை பிடித்தது. கடிக்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்து முகர்ந்து பார்த்தது. பயந்துபோய் இங்கே தூக்கி வந்துவிட்டார்கள். சேதி கேட்டு மேற்கே இருந்து கொளஞ்சியும் வந்தான். அப்போது ஆரம்பித்த சண்டைதான் நான் மேலே சொன்னது.

அன்று மத்தியானம் ரெஜினா மேடம் வந்தார். பூச்சி ஆராய்ச்சி படித்தவர். சங்கத்தில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளையின் கழுத்து மடிப்பில் பஞ்சை ஒற்றி எடுத்தார். இரண்டு கண்ணாடிப் பெட்டியை மேசைமேல் வைத்தார். ஒன்றில் முசுறு, ஒன்றில் தானிய எறும்பு.

“ரெண்டு பேரும் கிட்ட வந்து பாருங்க,” என்றார்.

முதலில் முசுறுப் பெட்டியில் பஞ்சைப் போட்டார். இரண்டு எறும்பு வந்து மீசையால் தடவிப் பார்த்தது. கொளஞ்சி பெருமையாக அஞ்சலாட்சியைப் பார்த்தான். அதற்குள் இன்னும் பத்து வந்துவிட்டது. நாலு பக்கமும் நின்று பஞ்சைப் பிடித்து இழுத்தன. கொஞ்ச நேரத்தில் பஞ்சு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

“எங்க வாசனதான மேடம் அவனுக்கு?” என்று கேட்டான் கொளஞ்சி. குரல் இறங்கிவிட்டது.

“பாதி உங்களது. மீதி பால் வழியா வர்றது. முசுறுக்குப் பாதிச் சொந்தம்னு ஒண்ணு கெடையாதுங்க. கறி திங்கற பூச்சி அது. கூட்டு வாசனை முழுசா இல்லாத எதுவும் அதுக்கு எரைதான்.”

“களிம்பு தடவுனா?”

“மேல தடவலாம். உள்ளேருந்து வேற வாசனை வந்துகிட்டே இருக்கும். பச்சப் புள்ளையக் காரத் தண்ணியில முக்கவும் முடியாது.”

அடுத்த பெட்டியில் இன்னொரு பஞ்சைப் போட்டார். கறுப்பு எறும்புகள் வந்தன. அவசரப்படவில்லை. ஒன்று நக்கிப் பார்த்தது. பிறகு நாலைந்து சேர்ந்து, கிழியாமல் பஞ்சைத் தூக்கிக்கொண்டு வளைக்குள் போயின. கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. களை விதை குவித்து வைத்திருந்த அறையில் கொண்டுபோய், அந்தக் குவியலோடு வைத்தன.

“ஒண்ணும் பண்ணலியே,” என்றாள் அஞ்சலாட்சி.

“பண்ணாது. தானியம் திங்கறதுக்குப் பாதி வாசனை இருந்தாலே போதும், மனுசனைக் கடிச்சி ஆகப்போறது என்ன? கிழக்குக் களிம்பையும் தடவிட்டா கிட்டகூட வராது.”

கொளஞ்சி முசுறுப் பெட்டியை மேசை ஓரத்துக்குத் தள்ளினான். பிறகு, “அப்ப என்னையும் மாத்தி உடுங்க. நானும் கெழக்க போறன். முந்திரி வாணாம், ஒன்னும் வாணாம்,” என்றான்.

“கையைக் காட்டுங்க.”

காட்டினான். வருஷக்கணக்காக முந்திரிக்கொட்டை உடைத்த கை. கொட்டைத் தோட்டின் பால் பட்டுப் பட்டுக் கறுத்து, முழங்கை வரை தோல் வெடித்துச் சிவந்திருந்தது. ரெஜினா மேடம் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அந்தக் கையைக் காரத்தில் இறக்கினால் எலும்பு வரை போய்விடும்.

“முடியாதுங்க.”

“தாங்கிக்குவன்.”

“நீங்க தாங்கிக்குவீங்க. கை தாங்காது.”

மூன்று பேரையும் வார்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. வாய்க்கால் காய்ந்தால் வார்டைப் பூட்டிவிடுவார்கள். கோடை முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். ஆளாளுக்கு ஒரு பக்கம் போயே ஆக வேண்டும்.

போகிற அன்று சாலையில் நின்று கொளஞ்சி பிள்ளையை வாங்கினான். கையின் வெடிப்பு பிள்ளையின் மேல் உரசக்கூடாது என்று துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வாங்கினான்.

“பேரு என்னா மாமா வக்கட்டும்?”

“நீயே வையி. கூப்புடப் போறது நீதான.”

அவள் அழுதுகொண்டே கிழக்கே இறங்கினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, “காலையில வேலிகிட்ட வந்து நில்லு. தூக்கிக் காட்டுறன்,” என்றாள்.

சொன்னபடி தினமும் காட்டினாள். அவள் வரப்பில் நிற்பாள், அவன் முந்திரி வேலியில் நிற்பான். நடுவே பஸ் போகும். பிள்ளைக்குச் சோழராசன் என்று பெயர் வைத்திருப்பதை அவள் கத்திச் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. “ராசாவுக்கு ஏத்த அரண்மனதான், எறும்பு வளைமேல,” என்று இவன் பதிலுக்குக் கத்தினான். நான் வார்டு வாசலில் இருந்து கேட்டிருக்கிறேன். பரவாயில்லை, இப்படியாவது இருக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வேன்.

மழை வந்து போனது. வரகு அறுத்தார்கள். மறுபடி வெயில் ஆரம்பித்தது, வாய்க்காலில் இன்னும் தண்ணீர் நின்றது. கிழக்குப் பக்கத்துக்கு என்று இருந்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டதால் அந்தப் பக்கத்துத் தடுப்பூசி வேலையும் எனக்கு வந்தது. உடம்பு முழுக்க மூடுகிற பிளாஸ்டிக் உடுப்பு ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான், பெட்டி வந்த பிறகு முதல் முறையாகக் கிழக்கே இறங்கினேன். காலடியில் எறும்பு விலகி வழி விட்டது.

அஞ்சலாட்சி வீட்டில் தூளி ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு முழ நீளப் பிள்ளை.

“இது யாரு புள்ள அஞ்சல? உங்க அண்ணனுக்குப் பொறந்துதா?”

“எம்புள்ளதாங்க்கா.”

“அடுத்ததா? எப்ப?”

அவள் என்னைப் பார்க்காமல் தூளியை ஆட்டினாள். “சோழராசன்தாங்க்கா அது.”

நான் குனிந்தேன். பிள்ளை என் முகமூடியைப் பார்த்துச் சிரித்தான். பிறந்த குழந்தை தூக்கத்தில் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. தாயின் பக்கம் திருப்பப் பார்த்த தலை, கழுத்து நிற்காமல் விழுந்தது. “ம்மா,” என்றான். வார்டில் நான் தூக்கி எடை பார்த்த அதே உடம்பு, ஓர் ஆண்டு கழித்துப் பேசியது. இடுப்பைப் பார்த்தேன். தீட்டுக் கழித்த அன்று கட்டிய அரைஞாண் கயிறு. கறுப்பு போய்ப் பழுப்பேறி நூல் நூலாக நின்றது. பிள்ளை பெருக்கப் பெருக்க அவிழ்த்து அவிழ்த்துக் கட்ட வேண்டிய கயிறு, போட்ட முடிச்சு அவிழாமலே இத்துப் போயிருந்தது.

நான் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பெட்டி வந்த பிறகு பிறந்த பிள்ளைகள் எல்லாருடைய இடுப்பையும் பார்த்தேன். எல்லாக் கயிறும் பழையது. நடக்கிற வயதில் உள்ளவர்கள் தவழ்ந்தார்கள். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில் உள்ள ஒருத்தி இடுப்பில் உட்கார்ந்திருந்தாள். மண்ணாளு பிள்ளை எல்லாம் நோஞ்சான் என்று மேற்கே கேலி பேசுவார்கள். நானும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு போனவள்தான். வரகுச் சோறு பத்தவில்லை என்றுதான் கிழக்கே அவர்களும் நினைத்திருந்தார்கள்.

திரும்பி வந்து அஞ்சலாட்சி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எப்ப தெரிஞ்சுது ஒனக்கு?”

“சட்டை தச்சி வச்சிருந்தன். பெரிசாவே இருந்துகிட்டு இருந்துது.”

“ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

“சொன்னா என்னா பண்ணுவீங்க? அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போனா கிழிச்சிடும். இந்தப் பக்கம் வச்சிருந்தா வளர மாட்டான். ரெண்டுல எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க, செய்யறன்.”

நான் தூளிக்கயிற்றைப் பிடித்து நிறுத்தினேன்.

“அவருகிட்ட சொல்லாதீங்க,” என்றாள். “தூரத்துலேருந்து பாக்கற ஆளு. துணிய கொஞ்சம் அதிகமா சுத்திக் காட்டுறன். நம்பிகிட்டு இருக்காரு.”

ரெஜினா மேடத்துக்குப் போன் செய்தேன். மறுநாளே உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துவிட்டு வார்டுக்குத் திரும்பினோம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

“மழைக்காலத்துல வளைக்குள்ள ஈரம் எறங்கும் சிஸ்டர். சேத்து வச்ச வெதை எல்லாம் முளைக்கணும். முளைச்சா எறும்புக்குச் சாப்பாடு இல்ல. அதனால தானிய எறும்பு ஒண்ணு பண்ணும். முளை வர்ற எடத்தைக் கடிச்சி விட்டுரும். அதுமேல ஒரு நீரைத் தடவிவிடும். வெதை சாகாது. அழுகாது. முளைக்கவும் செய்யாது. அப்படியே இருக்கும்.”

“அதுக்கும் புள்ளைங்களுக்கும் என்னா?”

“களிம்பு. மேக்கத்திக் களிம்புல இருக்கறது முசுறோட கூட்டு வாசனை. பூசுனவங்களைச் சொந்தம்னு நினைக்கும். கெழக்குக்கும் அப்படிச் செய்யத்தான் பாத்திருக்காங்க. வரல. நான் சேர்றதுக்கு முன்னாடி நடந்த வேலை அது, பழைய ஆளுங்களைக் கேட்டுத்தான் இப்ப தெரிஞ்சிகிட்டேன். சொந்தம்னு நினைக்க வைக்க முடியலன்னதும் வேற வழி பிடிச்சிருக்காங்க. கெடங்குல இருக்கற வெதையைத் தானிய எறும்பு கடிச்சித் திங்காது, பத்திரமா வச்சிருக்கும் இல்லையா. அந்த நீரையே எடுத்துக் களிம்பு பண்ணியிருக்காங்க.”

“அப்ப அவுங்கள்லாம்…”

“சேத்து வச்ச தானியம். எறும்புக்கு அப்படித்தான் தெரியும். அன்னிக்குப் பஞ்சைத் தூக்கிட்டுப் போச்சே, ஏத்துக்கிச்சின்னு நான் நினைச்சேன். ஏத்துக்கல. எடுத்து வச்சிருக்கு.” மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “புள்ளைங்க களிம்பு பூச ஆரம்பிச்ச அளவுலயே நின்னுட்டாங்க. பெரியவங்களுக்கு இனி வளர ஒண்ணும் இல்ல. அதனால யாருக்கும் தெரியல.”

களிம்பை நிறுத்தினால் வளர்வார்களா என்று கேட்டேன். வளையில் இருந்து எடுத்த விதையை ஈர மண்ணில் வைத்தால் சிலது முளைக்கும், சிலது முளைக்காது, எவ்வளவு நாள் உள்ளே இருந்தது என்பதைப் பொறுத்தது என்றார். சீக்கிரம் நிறுத்துவது நல்லது. ஆனால் கிழக்கே களிம்பு இல்லாத பிள்ளையை எறும்பு இரவும் பகலும் நக்கிக்கொண்டிருக்கும். அதே நீர்தான்.

சங்கத்துக்குச் சொன்னோம். பிள்ளைகளுக்குச் சத்துமாவு வந்தது.

இரண்டு நாள் கழித்து வார்டு வாசலில் கொளஞ்சி நின்றான். நான் கிழக்கே போய் வந்தது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“சிஸ்டர், உள்ள போயி பாத்தீங்களாமே. நடக்கறானா?”

நான் பஞ்சை எடுத்து உருட்ட ஆரம்பித்தேன்.

“எறக்கியே உட மாட்டேங்கறா. எப்பப் பாத்தாலும் துணியச் சுத்தி இடுப்புலயே வச்சிருக்கா. செல்லம் குடுத்துக் கெடுக்காதன்னு கத்தறன், காதுலயே வாங்கல. நடக்கறானா இல்லியா?”

அஞ்சலாட்சி சொல்லாதே என்று கேட்டிருந்தாள். ஆனாலும் பெற்றவன் வாசலில் நின்று கேட்கிறான். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். முடிந்ததும் எழுந்து வெளியே போய்ச் சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

பிறகு திரும்பி வந்தான். “பேசறானா?”

“பேசறான். அம்மாங்கறான்.”

“என்னப் பாத்தா என்னா சொல்லுவானோ.” கையைப் பார்த்துக்கொண்டான். “மரமும் இல்லாம மண்ணும் இல்லாம ஒரு எடம் இருக்காதா சிஸ்டர் இம்மாம் பெரிய ஒலகத்துல? எங்கனா சொல்லுங்க. நான் இந்தப் பக்கமா வந்துடறன், அவ அந்தப் பக்கமா வந்துடட்டும்.”

அஞ்சலாட்சியிடம் போய்ச் சொன்னேன். என்மேல் கோபப்பட்டாள். பிறகு அவளும் அதையேதான் கேட்டாள்.

எனக்குத் தெரிந்த ஊரெல்லாம் விசாரித்துவிட்டேன். கடற்கரை வரைக்கும் பெட்டி வைத்துவிட்டார்கள். ஒரு ஊரில் முசுறு, ஒரு ஊரில் தானிய எறும்பு, சில ஊரில் பெயர் தெரியாத வேறு ஏதோ ஒன்று. அதனால்தான் இவ்வளவையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில், இல்லை உங்களுக்குத் தெரிந்த ஊரில், பெட்டியே வைக்காத ஒரு தெரு இருந்தால் தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள். ஒரு புருஷன், ஒரு பொண்டாட்டி, கையில் ஒரு பிள்ளை. ஒரு அறை போதும். அவன் வேலை செய்வான், அவளும் செய்வாள். பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. உங்கள் ஊரில் அப்படி இடமில்லை என்றால், இல்லை என்றாவது ஊர்ப் பெயரைப் போட்டு எழுதுங்கள். அதை விட்டுவிட்டு அடுத்த ஊரைக் கேட்கிறேன்.